எழுதிக் கொடுக்க வேண்டியது எங்கே, கையெழுத்துப் போடக் கூடாதது எங்கே

ஆபீசில் ஒருவன் அத்துமீறினால் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது, "எழுத்துல மட்டும் குடுத்துடாதம்மா, பேசி முடிச்சுக்கலாம்." அதே பெண் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அப்பா பெயரில் இருக்கிற வீட்டுக்காக அங்கே சொல்வது, "ஒரு கையெழுத்துதானே, எழுதிக் குடுத்துட்டுப் போம்மா." எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் தடுக்கிறார்கள். கூடாத இடத்தில் பேனாவை நீட்டுகிறார்கள்.

நான் இரண்டு இடத்திலும் அவர்கள் சொன்னபடியே கேட்டவள். 2011இல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, வேளச்சேரியில் ஹாஸ்டல். மறுவருஷம் அப்பா தவறினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அந்த வாரமே பத்திரப்பதிவு ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். என் பங்கை விட்டுக் கொடுப்பதாக அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வரிகூடப் படித்துப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆபீசில் மேலதிகாரியின் தொந்தரவு ஆரம்பித்தபோது, வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார எனக்கென்று ஊரில் ஒரு திண்ணைகூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவர் வேறு பிரிவுக்குப் போய் ஏழு மாதம் ஆன பிறகு துணிந்து எழுதிக் கொடுத்தேன். காலக்கெடு தாண்டிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

வேலைத்தலத் தொந்தரவையும் சொத்துரிமையையும் ஒரே கட்டுரையில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ பெட்டியோடு இறங்கி வேலைக்குச் சேரும் பெண்கள் இதைச் சேர்ந்த நாளிலேயே படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

சேர்ந்த முதல் வாரம்: குழு இருக்கிறதா பாருங்கள்

வேலைத்தலத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபீஸ்களில் "போஷ்" என்று சொல்வது இதைத்தான். இதற்கு வித்திட்டவர் ராஜஸ்தானைச் சேர்ந்த பன்வாரி தேவி. அரசுத் திட்டத்தின் கீழ் ஊர் ஊராகப் போய் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்ததற்காகவே 1992இல் அவருக்குக் கொடுமை நேர்ந்தது. அதையொட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான் 1997 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், வேலைத்தலத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான விசாகா நெறிமுறைகளைத் தந்தது. அது சட்டமாக மாற இன்னும் பதினாறு வருஷம் ஆனது.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். ஐ.டி. கம்பெனி, ஆஸ்பத்திரி, கல்லூரி, அம்பத்தூர் பட்டறை, தி.நகர் ஜவுளிக்கடை என்ற வித்தியாசம் கிடையாது. குழுவின் தலைவர் அங்கேயே வேலை செய்யும் மூத்த நிலைப் பெண்ணாக இருக்க வேண்டும். ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து பெண்கள் நலனுக்காக வேலை செய்யும் அமைப்பைச் சேர்ந்தவரோ இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவரோ ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒரு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

ஆகவே முதல் வாரத்திலேயே நோட்டீஸ் போர்டைத் தேடுங்கள். உத்தரவு இருந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எச்.ஆருக்கு ஒரு வரி மெயில் போதும்: "உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் தொடர்பு விவரமும் தெரிவிக்கவும்." புதிதாகச் சேர்ந்தவர் கேட்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பிரச்சினை வந்தபிறகு கேட்டால் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். "நம்ம கம்பெனி குடும்பம் மாதிரி, இங்கே அப்படியெல்லாம் நடக்காது" என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடியும் தப்புச் செய்தால் இரட்டிப்பு, உரிமம் ரத்து வரைக்கும் போகலாம்.

நீங்கள் நிரந்தர ஊழியராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காண்ட்ராக்ட், பயிற்சி, அப்ரெண்டிஸ், தினக்கூலி, சம்பளமே இல்லாத தன்னார்வ வேலை எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வரும்.

எதையெல்லாம் சட்டம் கணக்கில் எடுக்கிறது

தொடுவது, பாலியல் உறவுக்குக் கேட்பது, ஆபாசமாகப் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, விருப்பமில்லாத பாலியல் தன்மையுள்ள வேறு எந்தச் செய்கையும், பேச்சும், சைகையும். நேரடியாகவும் இருக்கலாம், மறைமுகமாகவும் இருக்கலாம். "நீ கொஞ்சம் ஒத்துப் போனா அப்ரைசல் நல்லா வரும்" என்ற ஆசை காட்டலும், "இல்லேன்னா புரொபேஷன் கன்ஃபர்ம் ஆகாது" என்ற மிரட்டலும் சட்டத்தில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன.

"நான் தப்பான எண்ணத்துல செய்யல" என்பது எல்லா ஆபீசிலும் கேட்கும் பல்லவி. தொந்தரவு செய்தவர் என்ன நோக்கத்தில் செய்தார் என்பதைவிட, அந்தப் பெண் அதை எப்படி உணர்ந்தாள் என்பதே முக்கியம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நான்தான் பெரிசு படுத்துறேனோ" என்று நமக்குள் நாமே வாதாடிக்கொண்டிருப்பதில்தான் பாதி நாள் போய்விடுகிறது.

ஆபீஸ் கட்டடத்துக்குள் நடந்தால் மட்டும்தான் என்பதும் இல்லை. வேலை நிமித்தம் போகிற எந்த இடமும், கம்பெனி ஏற்பாடு செய்த கேப் வண்டியும் வேலைத்தலம்தான். நைட் ஷிப்ட் முடிந்து ஓ.எம்.ஆரில் திரும்பி வரும் வண்டிக்குள் நடந்ததும் கணக்கில் வரும். தொந்தரவு கொடுத்தவர் வாடிக்கையாளரோ வெளி ஆளோ ஆனாலும் நடவடிக்கைக்கு வழி செய்யும் கடமை உங்கள் நிறுவனத்துக்கு உண்டு.

நடந்த அன்று இரவே

அழுகை வரும். அழுங்கள். ஆனால் தூங்குமுன் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். தேதி, கிழமை, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, நீங்கள் என்ன சொன்னீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள். கொச்சையான வார்த்தையாக இருந்தாலும் நாசூக்காக மாற்றாதீர்கள். "தவறாகப் பேசினார்" என்ற வரிக்குக் குழுவின் முன் எந்தக் கனமும் இல்லை.

வாட்ஸ்அப் செய்தியை வெறுத்துப் போய் அழித்துவிடுவது நம் இயல்பு. அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தால், ஒருநாள் காலையில் பாஸ்வேர்ட் வேலை செய்யாமல் போகலாம். சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி உடனே மெயிலில் கேளுங்கள். நம்பிக்கையான ஒரு தோழிக்கு நடந்ததை அன்றே மெசேஜாக அனுப்புங்கள். பிறகு "அப்பவே ஏன் சொல்லல?" என்று யாராவது கேட்டால், தேதியோடு இருக்கும் அந்த மெசேஜே பதில் சொல்லும். பழைய அப்ரைசல், பாராட்டு மெயில் இவற்றின் நகலும் கையில் இருக்கட்டும். புகார் கொடுத்த மறுமாதமே திடீரென்று வேலையில் குறை கண்டுபிடிக்கும் வழக்கம் நிறைய இடங்களில் உண்டு.

மூன்று மாதம்

என்னைக் கவிழ்த்தது இந்தக் கணக்குதான். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். அதற்குள் கொடுக்க முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு ஏற்றுக்கொண்டால், காரணத்தைப் பதிவு செய்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அவ்வளவுதான். தாமதித்திருந்தால் ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள்: உடம்பு சரியில்லை, மிரட்டினார்கள், மாற்றல் செய்தார்கள், எது உண்மையோ அது.

புகாரை எப்படி எழுதுவது

தமிழில் எழுதலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. உடல்நிலை காரணமாக உங்களால் முடியாதபோது உறவினரோ தோழியோ கூட வேலை செய்பவரோ உங்களுக்காகக் கொடுக்கலாம்.

இப்படி ஆரம்பிக்கலாம்: "நான் இந்த நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் 2 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். 12.3.2025 புதன்கிழமை மாலை 6.40 மணிக்கு, மூன்றாம் மாடி மீட்டிங் அறையில், என் பிரிவு மேலாளர் கதவைச் சாத்திவிட்டு என் தோளில் கை வைத்து, '...' என்று சொன்னார். நான் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். வெளியே இருந்த சக ஊழியர் ஒருவர் நான் அழுதுகொண்டு வந்ததைப் பார்த்தார்." ஒரு சம்பவத்துக்கு ஒரு பத்தி. தேதி வரிசையில். அவருடைய குணம், குடும்பம், மற்றவர்களிடம் அவர் நடந்துகொண்டதாகக் காதில் விழுந்தது இதெல்லாம் வேண்டாம். உங்களுக்கு நடந்தது மட்டும். கடைசியில் என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

அங்கேதான் பலர் தயங்குகிறார்கள். விசாரணை முடியும்வரை உங்களையோ அவரையோ இடமாற்றம் செய்யச் சொல்லலாம். மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்கலாம். அது உங்கள் வழக்கமான லீவில் கழியாது. உங்கள் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்று கேட்கலாம். இவையெல்லாம் எழுத்தில் கேட்டால்தான் குழு பரிந்துரைக்க முடியும்.

விதிப்படி ஆறு பிரதிகள், கூடவே ஆதார நகல்கள், சாட்சிகளின் பெயர், முகவரி. ஒரு பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் மெயிலில் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். எச்.ஆர். அறையில் உட்கார்ந்து வாயால் சொன்னது புகார் ஆகாது. "நாங்க பாத்துக்கறோம்" என்ற வார்த்தையை நம்பி நான் நாட்களை இழந்தேன்.

குழுவின் முன்

உங்கள் புகார் ஏழு வேலைநாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர் பத்து வேலைநாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், பத்து நாளில் அறிக்கை, அதன்மேல் நிறுவனம் 60 நாளுக்குள் நடவடிக்கை. நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்து, தள்ளிப் போனால் மெயிலில் கேளுங்கள். சாட்சியை அழைக்கவும் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. இரு தரப்பும் வக்கீலை அழைத்து வர முடியாது. காரணமில்லாமல் மூன்று முறை தொடர்ந்து வராமல் இருந்தால் விசாரணையை முடித்துவிட முடியும். ஆகவே தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

சமரசம் பற்றி ஒரு வார்த்தை. விசாரணை தொடங்கும் முன் சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் கேட்டால் மட்டும்தான். குழுவோ மேலதிகாரியோ உங்களை அதற்குத் தள்ள முடியாது. பணம் கொடுத்து முடிப்பதற்கும் இடம் கிடையாது.

"நிரூபிக்க முடியலேன்னா உன் மேலேயே நடவடிக்கை வரும்" என்று பயமுறுத்துவார்கள். தெரிந்தே பொய்யாகக் கொடுத்தால்தான் அது பொருந்தும். ஆதாரம் போதவில்லை என்பதாலேயே புகார் பொய் ஆகிவிடாது என்று சட்டமே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. பெயரையும் விவரத்தையும் வெளியிடக் கூடாது என்பதும் சட்டம். மீறினால் 5,000 ரூபாய் அபராதம். இந்தக் கட்டுப்பாடு டீ பிரேக்கில் கதை பேசும் குழு உறுப்பினருக்கும் பொருந்தும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பத்துப் பேர் இல்லாத இடம், வீட்டு வேலை

சின்னக் கடை, டாக்டர் கிளினிக், அழகு நிலையம், அடுக்குமாடியில் வீட்டு வேலை. இவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ளூர்க் குழு இருக்கிறது. தொந்தரவு கொடுத்தவர் முதலாளியே என்றாலும் அங்கேதான் போக வேண்டும். சென்னை மாவட்டத்துக்கு ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகை, அதாவது கலெக்டர் ஆபீஸ். அங்கே மாவட்ட சமூகநல அலுவலர் பிரிவைக் கேளுங்கள்.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் ஒன்று: நாம் "சென்னை" என்று சொல்வதெல்லாம் சென்னை மாவட்டம் ஆகாது. சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் வரும் சிறுசேரி செங்கல்பட்டு மாவட்டம். தாம்பரமும் செங்கல்பட்டு. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் காஞ்சிபுரம் மாவட்டம். வேலை செய்யும் இடம் எந்த மாவட்டமோ அந்தக் கலெக்டர் ஆபீஸ். இது தெரியாமல் பாரிமுனைக்கும் செங்கல்பட்டுக்கும் அலைந்து மூன்று மாதத்தில் இரண்டு வாரத்தைத் தொலைத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அலைய முடியாதவர்கள் மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்தில் பதியலாம்.

போலீஸ்

குழுவிடம் போனதால் போலீசுக்குப் போகக் கூடாது என்றில்லை. இரண்டும் தனித்தனி வழி. போலீசுக்குப் போக நீங்கள் முடிவு செய்தால் உதவ வேண்டியது நிறுவனத்தின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தல், 78 பின்தொடர்தல், 79 பெண்ணின் மாண்பைக் குலைக்கும் சொல்லும் சைகையும். இவை தவிர தமிழ்நாட்டுக்கென்று 1998ஆம் ஆண்டின் பெண்களைத் துன்புறுத்துதல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலுக்கு ஆளாகி உயிரிழந்த பிறகு வந்த சட்டம் அது.

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் இதே ஊரில், ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இப்போது பல பகுதிகளில் இருக்கிறது. எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். கையெழுத்துப் போட்ட புகாரைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் மேலதிகாரிக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

இனி ஊர்ப் பக்கம்: எந்தச் சொத்து?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டுச் சட்டம் அதைத் தொட அறுபது வருஷம் ஆனது. 1989 மார்ச் 25 முதல் இங்கே இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளும் மகனைப் போலவே பங்காளி. ஆனால் அன்றைக்கு முன் கல்யாணமானவளுக்கு இல்லை என்று வைத்தார்கள். 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்திய அரசின் திருத்தம் கல்யாணக் கணக்கை எடுத்துவிட்டது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் மட்டும் கிளற முடியாது.

"உனக்குத்தான் அம்பது பவுன் போட்டாச்சே, சீர் செஞ்சாச்சே" என்பது சட்டத்தின் முன் நிற்காது. போட்ட நகை உங்கள் சீதனம், உங்களுடையது. பங்கு என்பது வேறு.

அடுத்து, கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியது. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய சொத்தை அவர் உயிரோடு இருக்கும்போது யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். அதில் மகளும் கேட்க முடியாது, மகனும் கேட்க முடியாது. உயில் எழுதாமல் அவர் காலமானால்தான் மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு. அம்மா, பாட்டி, ஓர் அண்ணன், இரண்டு பெண்கள் இருக்கிறீர்களா? ஐந்து சம பங்கு. தாத்தா வழியில் வந்ததெல்லாம் பூர்வீகம் என்று நினைப்பதும் தப்பு. தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தை விட்டுவிட்டு 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அதில் அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச்சொத்தாகிவிடும்.

உண்மையான பூர்வீகச் சொத்தில் கணக்கு வேறு மாதிரி. அப்பா, ஒரு மகன், ஒரு மகள், அம்மா உள்ள வீட்டில் அப்பா தவறிவிட்டார் என்று வையுங்கள். முதலில் அப்பா, மகன், மகள் என்று மூன்றாகப் பிரித்ததாகக் கொள்வார்கள். பிறகு அப்பாவின் மூன்றில் ஒரு பங்கை அம்மா, மகன், மகள் மூவரும் பிரிப்பார்கள். ஆக மகனுக்கு ஒன்பதில் நான்கு, மகளுக்கும் ஒன்பதில் நான்கு, அம்மாவுக்கு ஒன்று. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதமில்லை. முஸ்லிம் சட்டத்தில் மகனுக்குரியதில் பாதி மகளுக்கு; பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று.

சென்னையில் இருந்துகொண்டே பார்க்க முடிந்தவை

பத்திரப்பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் செட்டில்மென்ட், விடுதலை, பவர் ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டாவும் சிட்டாவும் பார்க்கலாம். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். பட்டா மாறியதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. சர்வே எண் தெரியாதவர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாய்ப்பத்திரத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அம்மாவிடம் கேட்டால் பீரோவிலிருந்து எடுத்துத் தருவார். பெரும்பாலும் அம்மாக்களுக்கு இதில் மகள் பக்கமே மனசு.

அப்பா தவறிவிட்டால் வாரிசுச் சான்று. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் தருவது. விண்ணப்பத்தை யார் போட்டாலும் உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்யாணமான பெண்களை விட்டுவிட்டு எழுதிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பேனாவை நீட்டும்போது

"உன் பங்கை அண்ணன் பேருக்கு மாத்தினாத்தான் லோன் கிடைக்கும்", "பட்டா மாத்த ஒரு சம்மதம்" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தலைப்பைப் படியுங்கள். விடுதலைப் பத்திரம் என்றிருந்தால் உங்கள் பங்கை நீங்களே விட்டுக் கொடுக்கிறீர்கள். பொது அதிகார ஆவணம் என்றிருந்தால் உங்கள் பெயரில் வேறொருவர் விற்கலாம். செட்டில்மென்ட் என்றால் தானம். வரைவை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி, சென்னையில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பத்திரம் எழுதுபவர் வீட்டார் அழைத்து வந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். வெற்று முத்திரைத்தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். காரியம் முடிந்த வாரம், பிரசவத்துக்குப் போன சமயம், கல்யாணத்துக்கு முந்தின நாள்: இந்த மூன்று நேரத்திலும் எந்தப் பத்திரமும் வேண்டாம். "இப்போ மனசு சரியில்லண்ணே, அடுத்த மாசம் வந்து பாக்கறேன்" என்றால் போதும். சண்டை போட வேண்டியதே இல்லை.

மனமுவந்து விட்டுக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள். அது உங்கள் சொத்து, உங்கள் இஷ்டம். பணத்துக்கு ஈடாக விடுகிறீர்கள் என்றால் முழுத் தொகை வங்கி வழியாகக் கைக்கு வந்த பிறகு, அந்தத் தொகை பத்திரத்தில் எழுதப்பட்ட பிறகு. "அப்புறம் தரேன்" என்ற சொல் என் பத்திரத்தில் எங்கும் இல்லை. எழுத்தில் இருந்தது, பாசத்தினால் விடுகிறேன் என்பது மட்டும்தான்.

பேச்சு நடக்காவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். நீங்கள் சென்னையில் இருப்பதால் இங்கே போட முடியாது. வருஷக்கணக்கில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தால் காலவரம்புச் சிக்கல் வரும், ஆறப் போடாதீர்கள்.

இங்கே வாங்கும் வீடு

ஊரப்பாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ பிளாட் வாங்கும்போது தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போகும், பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருக்கும். கிரயப் பத்திரத்தில் உங்கள் பெயரும் வரட்டும். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் கணவர் வாங்கிய சொத்தில் பங்குண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சியான தீர்ப்பு, ஆனாலும் வழக்காடி வாங்குவதைவிடப் பத்திரத்தில் பெயர் இருப்பது சுலபம். கணவர் வீட்டில் வன்முறை என்றால், வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தருகிறது.

உயிலும் எழுதி வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இல்லாத, கணவரை இழந்த ஒரு பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது, பெற்றவர்களுக்கு அதன் பிறகுதான். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை.

செலவுக்குப் பயந்தால்

பெண் என்பதாலேயே இலவசச் சட்ட உதவி உங்களுக்கு உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வருமானச் சான்றைக் காட்டச் சொன்னால் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்று பதில் சொல்லுங்கள். தொலைபேசி 15100. சொத்து ஊரில் இருந்தால் அந்த ஊர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். சென்னையில் மாநில அலுவலகம் உயர்நீதிமன்ற வளாகத்தில், வடக்குக் கோட்டைச் சாலைப் பக்கம். மெட்ரோவில் உயர்நீதிமன்றம் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். நுழைவாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள், எடுத்துப் போங்கள். கூடவே புகாரின் நகல், அன்று இரவு எழுதிய நோட்டு, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, அவர்கள் கையெழுத்துக் கேட்கும் பத்திரத்தின் வரைவு. காலையிலேயே போய்விடுங்கள், வேலை நாளில்.